தாத்தாவின் ஜீப்: சான்றிலிருந்து வரலாறு

பழைய பொருளைச் சரிசெய்வதில் மூன்று வகை உண்டு. ஓடாததை ஓடவைப்பது பழுதுபார்ப்பு. பழையதைப் புதியதுபோல் பளபளக்க வைப்பது புதுப்பிப்பு. ஒரு பொருள் எங்கே, எப்போது செய்யப்பட்டது, யார் கையில் என்னென்ன மாற்றம் பெற்றது என்று கண்டறிந்து, அந்தத் தடயங்கள் அழியாதபடி அதைச் செயல்பட வைப்பது மீட்டெடுப்பு. முதல் இரண்டுக்கும் நல்ல மெக்கானிக்கும் பெயின்டரும் போதும். மூன்றாவதற்குக் கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும், “இது எப்படித் தெரியும்?” என்று கேட்கும் ஓர் ஆளும் வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள். பொருள், என் தாத்தா 1960களில் ராணுவ ஏலத்தில் எடுத்துவந்த ஜீப். தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஜீப் புதிதல்ல. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவது இன்றும் ஜீப்புகள்தான். தாத்தாவின் ஜீப்பும் அந்தப் பாதையில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டு, பிறகு கொட்டகையில் கோணிச்சாக்குகளுக்கு அடியில் படுத்துவிட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா, லேத் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, ஒன்பதாம் வகுப்பு மகள், ஐந்தாம் வகுப்பு மகன், நான் என ஐந்து பேர் மூன்று கோடை விடுமுறைகளில் அதை மீட்டெடுத்தோம். நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். வண்டி வேலையில் என் பங்கு பெரும்பாலும் எழுதுவதும் படம் எடுப்பதும்தான். ஆனால் சான்று, ஊகம், வாய்மொழி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வகுப்பறை எனக்குக் கிடைத்ததில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரே வரைபடம், இரண்டு தொழிற்சாலைகள்

முதலில் இந்த வண்டியின் பின்னணி. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நிலையில், 1940இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலகுவான, நான்கு சக்கரங்களும் இழுக்கும் உளவு வண்டி வேண்டும் என்று கேட்டது. பேண்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களும் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்தன. 2,199 கன செ.மீ. கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட இன்ஜின் வில்லிஸிடம் இருந்தது. அதுவே அந்நிறுவனத்தின் பலமாக அமைந்தது. ஆனால் போருக்குத் தேவையான எண்ணிக்கையை ஒரே தொழிற்சாலை தரமுடியாது. ஆகவே வில்லிஸின் வரைபடங்களைக் கொண்டே ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. வில்லிஸ் செய்ததற்கு எம்.பி. என்றும், ஃபோர்டு செய்ததற்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர். இரண்டும் சேர்ந்து 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின.

இங்கே மாணவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு கருத்து உண்டு: தரப்படுத்தல். ஒரு தொழிற்சாலையில் செய்த இன்ஜின், இன்னொரு தொழிற்சாலையில் செய்த அடிச்சட்டத்தில் அப்படியே உட்காரவேண்டும். அப்போதுதான் போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை உருவாக்க முடியும். அளவீடு என்பது வெறும் கணக்குப் பாடமல்ல, தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்பதை இந்த வண்டியைக் காட்டி விளக்கலாம்.

போர் முடிந்ததும் இத்தகைய வண்டிகள் உலகெங்கும் எஞ்சின. இந்தியாவில் 1947 முதல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. ஆகவே நம் ஊரில் “பழைய மிலிட்டரி ஜீப்” என்று சொல்லப்படும் வண்டி, போர்க்கால வண்டியாகவும் இருக்கலாம், பின்னாளில் பூட்டப்பட்டதாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்லமுடியும்.

வீட்டில் இருந்த வரலாறு

எங்கள் வீட்டில் அந்த ஜீப்பைப் பற்றி மூன்று செய்திகள் வழங்கிவந்தன. ஒன்று, அது வில்லிஸ். இரண்டு, அது ராணுவத்தில் இருந்தது. மூன்று, அது பர்மா போருக்குப் போய்வந்தது. மூன்றையும் தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். அப்பா சொல்லும்போது அதில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

“பர்மாவுக்குப் போச்சுன்னு எப்படித் தாத்தா தெரியும்?” என்று மகள் கேட்டாள்.

“எங்கப்பா சொன்னாரு.”

“அவருக்கு யார் சொன்னாங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். கேள்வியில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனாலும் பெரியவர் ஒருவர் வாழ்நாள் முழுதும் நம்பிய செய்தியைச் சான்று கேட்பது எளிதல்ல. வகுப்பறையிலும் இந்தச் சிக்கல் நமக்கு வரும். உள்ளூர் வரலாறு எழுதிவரச் சொன்னால், “எங்க ஊர்க் கோயிலை ராஜராஜன் கட்டினார்” என்று மாணவர் எழுதிவருவார். அதை எப்படிச் சரிபார்ப்பது, சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது? நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் யாரையும் மறுக்கவேண்டாம். வண்டியைக் கேட்போம்.

கழற்றுவதற்கு முன் எழுது

மீட்டெடுப்பின் முதல் விதி, எழுதாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றக்கூடாது என்பது. ஒரு நீள நோட்டில் ஐந்து பத்திகள் போட்டோம்: வரிசை எண், பாகம், எங்கிருந்து, என்ன நிலையில், எந்த டப்பாவில். கழற்றுமுன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். நட்டு, போல்ட்டுகள் எண் ஒட்டிய டப்பாக்களுக்குப் போயின. பணிமனையில் நாற்பது ஆண்டு கைப்பழக்கம் உள்ள அப்பாவுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் அவரே, “அதை எழுதிட்டியாம்மா?” என்று பேத்தியைக் கேட்க ஆரம்பித்தார்.

ஸ்பானர் எடுத்துத் தரும் வேலை மகனுக்கு. இந்த வண்டியின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு: 3/8, 7/16, 1/2, 9/16, 5/8. இன்றைய ஸ்பானர்கள் மில்லிமீட்டர் கணக்கு. 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13 மி.மீ. ஸ்பானரைப் போட்டால் கொஞ்சம் ஆடும், துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும். “1/2 சின்னதா இருக்கு, அடுத்தது குடு” என்று அப்பா கேட்டால், அடுத்தது 9/16 என்று தெரிந்திருக்கவேண்டும். பகுதிகளை 16ஆக மாற்றினால் வரிசை 6, 7, 8, 9, 10 என்று வந்துவிடும் என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்தான். ஐந்தாம் வகுப்பில் பின்னங்களை ஒப்பிடச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், ஒரு பழைய ஸ்பானர் செட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பதினாறில் ஒரு பங்கு என்பதை விரலால் தடவி உணரமுடியும்.

வண்டி சொன்ன சான்றுகள்

முதல் சான்று துருவுக்குள் இருந்தது. போல்ட் தலைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவியபோது, சிலவற்றில் ஓர் எழுத்து புடைத்து நின்றது. ஆங்கில ‘எஃப்’. ஃபோர்டு நிறுவனம் தான் செய்த பாகங்களில், சிறு போல்ட் வரைக்கும், இந்த எழுத்தைப் பொறித்தது. மகள் உற்சாகத்தில் கத்தினாள். “வில்லிஸ் இல்ல தாத்தா, ஃபோர்டு!”

ஆனால் ஒரு போல்ட் சான்றாகாது. போல்ட்டை யாரும் எப்போதும் மாற்றலாம். மாற்றக் கடினமான பாகத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே அடிச்சட்டத்துக்குப் போனோம். இரண்டு நிறுவன வண்டிகளுக்கும் இடையே எளிதில் தெரியும் ஒரு வேறுபாடு, ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் முன் குறுக்குச்சட்டம். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ வடிவத் தகடு. எங்கள் வண்டியில் இருந்தது தகடு. இடதுபுறச் சட்டத்தின் மேல் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கியபோது ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கும் எண்ணும் கிடைத்தது. பழைய ஜீப் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டதில் 1943ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று தெரிந்தது. ஆக, அடிச்சட்டம் ஃபோர்டு.

அன்று மாலை அப்பா சாப்பிடும்போது பேசவில்லை.

மறுநாள் இன்ஜின். எண்ணெய் வடிகட்டிக்கு அருகில் இருக்கும் தட்டையான பகுதியைச் சுத்தம் செய்ததில் அங்கே பொறித்திருந்த எண் எம்.பி. என்று தொடங்கியது. ஃபோர்டு இன்ஜின் என்றால் ஜி.பி.டபிள்யூ. என்று இருந்திருக்கும். எம்.பி. என்றால் வில்லிஸ். தாத்தா பெயரில் இருந்த பழைய ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே இன்ஜின் எண். ஆகவே தாத்தா தன் பெயரில் பதிவு செய்வதற்கு முன்பே இன்ஜின் மாறிவிட்டது. பெரும்பாலும் ராணுவப் பணிமனையிலேயே மாற்றியிருக்கவேண்டும். இது ஊகம், ஆனால் காரணம் உள்ள ஊகம். “எலும்பு ஃபோர்டு, இதயம் வில்லிஸ்” என்று தம்பி சொன்னான். “அப்ப எங்கப்பா சொன்னதும் தப்பில்ல” என்றார் அப்பா. உண்மைதான். பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அது வில்லிஸ்தான்.

எட்டுச் சுற்றுக்கு முப்பத்தொன்பது

மூன்றாவது சான்றைக் கண்ணால் பார்த்தல்ல, எண்ணிக் கண்டுபிடித்தோம். கணித ஆசிரியர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின் அச்சுக்குள் இருக்கும் கிரௌனும் பினியனும் மாறியிருக்குமோ என்று தம்பிக்குச் சந்தேகம். திறந்து பற்களை எண்ணலாம். ஆனால் திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. போர்க்கால ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. அதாவது பினியனுக்கு 8 பல், கிரௌனுக்கு 39 பல். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த ஜீப்புகளின் விகிதம் 5.38. அதாவது 8 பல்லுக்கு 43 பல். மூன்றாவது கியரில் இந்த வண்டியின் கியர்பெட்டி இன்ஜினின் சுழற்சியை மாற்றாமல் அப்படியே பின்னால் அனுப்பும். எனவே சக்கரம் 8 முறை சுற்ற, இன்ஜின் 39 முறை சுற்றினால் போர்க்கால அச்சு. 43 முறை சுற்றினால் பிற்கால அச்சு.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினோம். பேட்டரி இணைப்பை எடுத்து, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டோம். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் காற்று அடைபடாது, இன்ஜின் இலகுவாகச் சுற்றும். இரண்டு பின் சக்கரங்களிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அப்பா முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற, மகன் அதை எண்ண, மகளும் தம்பியும் ஆளுக்கொரு சக்கரத்தை எண்ணினார்கள்.

இடது சக்கரம் 7 சுற்று, வலது சக்கரம் 9 சுற்று. மகன் குழம்பினான். இரண்டும் ஏன் சமமாக இல்லை? அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்தான் காரணம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். அதற்காக இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம்தரும். ஆனால் ஒன்று கூடினால் மற்றது அதே அளவு குறையும், சராசரி மாறாது. 7-ம் 9-ம் கூட்டினால் 16, பாதி 8. அந்த நேரத்தில் ஹேண்டில் எத்தனை முறை சுற்றியது? 39.

“அப்போ இது போர்க்கால அச்சு” என்றான் மகன். விகிதமும் சராசரியும் வரலாற்றுச் சான்றாக மாறிய நேரம் அது. பாடநூலில் ‘பயன்பாடு’ என்று நாம் எழுதிப்போடும் கணக்குகளில் விடை ஏற்கெனவே யாருக்கோ தெரிந்திருக்கும். இங்கே 39 வருமா 43 வருமா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளைக் கட்டிப்போட்டது அந்தத் தெரியாமைதான்.

இதே முறையில் முதல் கியரையும் சோதிக்கலாம். முதல் கியரின் விகிதம் 2.665. அதை 4.88ஆல் பெருக்கினால் 13 வரும். இன்ஜின் 13 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் பேரம் அது. மலைப்பாதையில் ஜீப் ஏன் மெதுவாக, ஆனால் விடாமல் ஏறுகிறது என்பதற்கு விடையும் அதுதான்.

பெயின்ட்டின் அடுக்குகள்

பழைய வண்டி என்றால் பட்டறையில் முதலில் கேட்பது, “மணல் அடிச்சுத் தரவா?” என்பதுதான். அழுத்தக் காற்றில் மணலை வீசினால் துருவும் பெயின்ட்டும் ஒரே நாளில் போய்விடும். கூடவே தடயங்களும் போய்விடும். கோயில் தூண்களில் மணல் வீசிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கதை நமக்குத் தெரியும். ஆகவே பானெட்டை மட்டும் கையால் சுரண்ட முடிவு செய்தோம்.

கீழடியில் குழிவெட்டிப் பார்க்கும்போது மேல் அடுக்கு பிந்தையது, கீழ் அடுக்கு முந்தையது என்று வகுப்பில் சொல்கிறோம். பெயின்ட்டுக்கும் அதே விதிதான். உப்புத்தாளை நனைத்து வட்டமாகத் தேய்த்தால், உள்ளே போகப்போக ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். மேலே தாத்தா காலத்து வான நீலம். அதற்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு. அதற்கும் கீழே வெளிறிய ராணுவப் பச்சை. அடியில் இன்னும் கருத்த பச்சை. பானெட்டின் பக்கவாட்டில், வெளிறிய பச்சையின் மேல், வெள்ளையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி மெல்ல மெல்ல வெளிவந்தது.

இந்திய ராணுவ வண்டிகளின் எண்பலகையில் இந்த அம்புக்குறியைப் பார்த்திருப்பீர்கள். அதை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி ராணுவத்துக்கு வந்த ஆண்டைக் குறிக்கும். எங்கள் பானெட்டில் அம்பு இருந்தது. இலக்கங்கள் இருந்த இடத்தில் யாரோ எப்போதோ ஒடுக்கு எடுத்துப் பட்டி பூசியிருந்தார்கள். இலக்கங்கள் போய்விட்டன. ராணுவத்தில் இருந்தது என்ற இரண்டாவது செய்தி உறுதியாயிற்று. எந்த ஆண்டு, எங்கே என்பதற்கு வண்டியில் பதில் இல்லை.

பாதுகாப்பு பற்றியும் சொல்லவேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால்தான் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தோம், முகக்கவசம் அணிந்தோம், பெரியவர்கள் மட்டுமே தேய்த்தோம். பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அதன் அருகில் வெல்டிங்கும் தீயும் கூடவே கூடாது. டேங்கைத் தேர்ந்த ஆளிடம்தான் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு நோட்டு, கேமரா, ஸ்பானர், எண்ணிக்கை. வெப்பமும் நச்சும் பெரியவர்களுக்கு.

எதை மாற்றுவது, எதை விடுவது

பிரேக்கில் பழமைக்கு இடமில்லை. ரப்பர் வாஷர்கள், குழாய்கள், பட்டைகள் எல்லாம் புதியவை. உயிர் காக்கும் பாகத்தில் தயக்கம் கூடாது என்பது அப்பாவின் பணிமனைச் சட்டம். பிரேக் திரவம் நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டுசெல்வதை விளக்க, ஒன்பதாம் வகுப்பின் ‘பாய்மங்கள்’ பாடத்தில் வரும் பாஸ்கல் விதியை மகளே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மின்சாரத்தில் விவாதம் வந்தது. இந்த வண்டி 6 வோல்ட். இன்றைய வண்டிகளைப்போல 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 36 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். எனவே 6 வோல்ட்டில் குறை இல்லை, கம்பிதான் தடிமனாக இருக்கவேண்டும். இடையில் யாரோ போட்டிருந்த மெல்லிய கம்பிகளை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி போட்டோம். ஸ்டார்ட்டர் சோம்பல் இல்லாமல் சுற்றியது.

பிறகு நிறம். அப்பாவுக்கு ராணுவப் பச்சைதான் வேண்டும். ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. ராணுவ வண்டியை மீட்டெடுக்கும் யாரும் இதை அறிந்திருக்கவேண்டும். மகள் இன்னொன்றும் சொன்னாள். “பச்சையில இருந்தப்போ இது நம்ம வண்டி இல்ல தாத்தா. நீலத்துலதான் நம்ம வண்டி.” ஏலத்தோட்டம் ஏறிய இருபது ஆண்டுகளும் வண்டியின் வரலாறுதான். வான நீலமே பூசினோம். பானெட்டில் அம்புக்குறி இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு கையகல அளவுக்குப் புதுப் பூச்சு இல்லாமல், அடுக்கு வளையங்கள் தெரியும்படி விட்டு, நிறமற்ற வார்னிஷ் பூசிக் காத்தோம். வண்டியைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கைவைத்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

பதிவு பற்றியும் ஒரு குறிப்பு. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களைப் பழமைவாய்ந்த வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம்.

பர்மா

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஜீப்பைக் காட்சிக்கு வைக்கத் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு தகவல் பலகை வேண்டும். அதில் ‘பர்மா போரில் ஓடிய ஜீப்’ என்று எழுதலாமா? எழுதினால் கூட்டம் கூடும். அப்பாவின் முகம் மலரும். ஆனால் சான்று?

1943இல் செய்யப்பட்ட அடிச்சட்டம். பர்மாவில் போர் 1945 வரை நடந்தது. ஆகவே போயிருக்க முடியாது என்று சொல்லமுடியாது. போனது என்று சொல்லவும் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

விடை வேறு இடத்திலிருந்து வந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, ஊரிலிருந்து வந்திருந்தபோது மகள் அவரிடமும் நோட்டுடன் உட்கார்ந்தாள். ஜீப்பைப் பற்றி அத்தைக்கு அதிகம் தெரியவில்லை. ஆனால் பர்மா என்றதும், “எங்க பெரியப்பா ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவரு. அந்தக் காட்டுப் பாதையில மிலிட்டரிக்காரங்க ஜீப்புல ஒரு நாள் ஏத்திக்கிட்டு வந்தாங்களாம். ஜீப்பப் பாத்தாலே அந்தக் கதையத்தான் சொல்லுவாரு” என்றார்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதையொட்டி லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பலர் மலைகளையும் காடுகளையும் நடந்தே கடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்களும் பலர். எங்கள் குடும்பத்தில் ஒருவர் அந்த நடையை நடந்து திரும்பியிருக்கிறார். அவர் ஏறியதாகச் சொன்ன ஜீப்பும், 1943இல் செய்த எங்கள் ஜீப்பும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு ஒரு ஜீப் வந்தபோது, அவருடைய கதை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கலாம்.

வாய்மொழி வரலாற்றைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிவந்ததை அத்தை இரண்டு வரியில் விளக்கிவிட்டார். வாய்மொழிச் செய்தி பொய் அல்ல. அது எதற்குச் சான்று என்பதைத்தான் கவனமாகக் கேட்கவேண்டும். ஜீப் பர்மா போனதற்கு அது சான்றில்லை. எங்கள் குடும்பத்தில் பர்மாவின் நினைவு இருந்தது என்பதற்கு அது சான்று.

மகள் பலகையை மூன்று பகுதிகளாக எழுதினாள். ‘நாங்கள் பார்த்தது’: ஃபோர்டு அடிச்சட்டம், வில்லிஸ் இன்ஜின், 39-க்கு 8 பற்கள் கொண்ட அச்சு, அம்புக்குறி, நான்கு அடுக்குப் பெயின்ட். ‘நாங்கள் ஊகிப்பது’: ராணுவப் பணிமனையில் இன்ஜின் மாறியிருக்கலாம். ‘எங்களுக்குச் சொல்லப்பட்டது’: இந்த ஜீப் பர்மா போனது, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ரங்கூனிலிருந்து நடந்துவந்தவர்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். “சொன்னது யாருன்னு போடலையே” என்றார். பர்மா வரிக்குக் கீழே அவரே பேனாவால், ‘சொன்னவர்: என் தந்தை. கேட்டவர்: நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். சான்றுக்கு மூலம் குறிக்கவேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

வகுப்பறைக்கு

எல்லாப் பள்ளிக்கும் ஜீப் கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம். பழைய தையல் இயந்திரம், சைக்கிள், வால்வு ரேடியோ, பெட்ரோமாக்ஸ் விளக்கு, எண்ணெய்ச் செக்கு, தராசு என ஊரில் ஏதாவது ஒன்று இருக்கும். அதை வைத்து இப்படிச் செய்யலாம்:

1. பொருளைப் பற்றி வீட்டிலும் ஊரிலும் சொல்லப்படும் செய்திகளை முதலில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

2. தொடுவதற்கு முன் படம் வரையட்டும், அளக்கட்டும். எண், எழுத்து, முத்திரை, பழுதுபார்த்த தடம் எல்லாவற்றையும் குறிக்கட்டும்.

3. எளிதில் மாற்றக்கூடிய பாகம் எது, மாற்றக் கடினமானது எது என்று பிரிக்கட்டும். இரண்டாவதன் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

4. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கட்டும். தையல் இயந்திரத்தின் பெருஞ்சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஊசி எத்தனை முறை இறங்குகிறது? சைக்கிள் மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று? தொடக்கநிலை மாணவர்களும் இதைச் செய்வார்கள்.

5. கடைசியில் மூன்று தலைப்பில் ஒரு பலகை: பார்த்தது, ஊகிப்பது, சொல்லப்பட்டது. ஒரு செய்தி எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். பாடம் நடப்பது அந்த விவாதத்தில்தான்.

பாதுகாப்பு எல்லைகளை ஆசிரியர் முன்கூட்டியே வகுத்துவிடவேண்டும். மின்சாரம், எரிபொருள், பழைய பெயின்ட் மூன்றிலும் மாணவர் கை படக்கூடாது.

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போது இப்போதெல்லாம் அந்தப் பலகையின் படத்தைக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவர் தன் வீட்டிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பழைய பித்தளைப் படியைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு முத்திரை இருந்தது. “இது வெள்ளைக்காரன் காலத்துதுன்னு ஆத்தா சொல்றாங்க டீச்சர்” என்றவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே நோட்டைத் திறந்து, ‘சொல்லப்பட்டது’ என்ற தலைப்பின்கீழ் அதை எழுதினார்.